ஏறவும் இறங்கவும் ஒரே பைண்டிங்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆல்ப்ஸ் மலைகளில் லிஃப்ட் இல்லாத சரிவுகளில் நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குபவர்கள் உண்டு. பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், அவர்களுக்கு மூன்று வேலை செய்தாக வேண்டும். ஏறும்போது குதிகாலை எழும்ப விட வேண்டும். இறங்கும்போது குதிகாலைப் பிடித்து நிறுத்த வேண்டும். விழுந்தால் காலை விட்டுவிட வேண்டும். மூன்றாவது வேலையைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் மலிந்திருக்கின்றன. அவற்றால் கால் முறிகிறது, உயிரும் போகலாம்.

நம்பிக்கை: எடை குறைய குறைய நல்லது.

ஏறுவதற்கு மட்டும் அது சரி. ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தல், மான் பிளாங்கில் கனமான சாதனங்களோடு அல்லாடிய பிறகுதான் 1980களில் ‘பின்’ (ஊசி) பைண்டிங்கை உருவாக்கினார். பூட்ஸ் முனையின் இருபுறமும் உள்ள சிறு குழிகளை இரண்டு ஊசிகள் கவ்வும். கால் மட்டும் எழும். பைண்டிங் பலகையிலேயே தங்கிவிடும். அதற்கு முன்பிருந்த சட்டக வகையிலோ, ஒவ்வொரு அடிக்கும் சட்டகத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். 2026 மிலான்-கோர்டினா ஒலிம்பிக்கில் மலையேற்றச் சறுக்கு இடம்பெற்ற பிறகு, பந்தய பைண்டிங்கின் மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. விடுவிக்கும் விசையை உடலுக்கு ஏற்ப மாற்றவும் முடியாது.

நம்பிக்கை: விடுவிக்கும் விசையைக் குறிக்கும் எண் ஒன்றாக இருந்தால் எல்லா பைண்டிங்கும் ஒரே மாதிரி கழலும்.

மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் பைண்டிங் எந்த இடத்தில், எப்படி விடுகிறது என்பதை எண் சொல்லாது. சாதாரண சறுக்கு பைண்டிங், கால் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும்போது முன்முனையில் விடும். வழக்கமான பின் பைண்டிங் குதிகால் பக்கம் விடும். சறுக்கு பைண்டிங் சிறு அதிர்ச்சிகளுக்கு ஓரளவு நெகிழ்ந்து கொடுத்து, பூட்ஸை மீண்டும் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். இலகுவான பின் வகைகளில் அந்த நெகிழ்ச்சி குறைவு. தரநிலைகளும் வேறு: சறுக்குக்கு ஐஎஸ்ஓ 9462, மலையேற்றத்துக்கு ஐஎஸ்ஓ 13992. எண் பொறித்த பின் பைண்டிங் எல்லாம் அந்தச் சோதனையில் தேறியவை அல்ல.

2018இல் வந்த சாலமன் ஷிஃப்ட் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. ஏறும்போது ஊசிகள் பிடிக்கும். இறங்கும்போது முன்பகுதி சாதாரண சறுக்கு பைண்டிங்காக மாறிவிடும். என் பார்வையில் இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் ஒற்றைக் காலுக்கு ஏறத்தாழ 900 கிராம். இலகுவான பின் வகையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. பூட்ஸ் மாறினால் முனைக்கு அடியில் இருக்கும் தட்டின் உயரத்தையும் சரிசெய்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால், வாங்கிய பாதுகாப்பு வீண்.

நம்பிக்கை: முன்முனையைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் பாதுகாப்பு.

முன்முனை நெம்புகோலை மேலே இழுத்துப் பூட்டுவது ஏறுவதற்கு. பூட்டிய நிலையில் பின் பைண்டிங் காலை எளிதில் விடாது. பனிச்சரிவில் சிக்கினால், காலோடு கட்டுண்ட பலகைகள் ஆளைப் பனிக்குள் இழுத்துப் புதைக்கும். விழுந்தால் பாறையில்தான் போய் நிற்போம் என்கிற செங்குத்தான இடத்தில் சிலர் தெரிந்தே பூட்டுகிறார்கள். அது கணக்குப் போட்டு ஏற்கும் ஆபத்து, வழக்கமாகிவிடக் கூடாது. பலகை அடிக்கடி கழல்கிறது என்று பூட்டுபவர்கள், முதலில் பூட்ஸ் குழிகளைப் பார்க்க வேண்டும். அங்கே உறைந்த பனி இருந்தால் ஊசி முழுதாக இறங்காது. காலை மாட்டியதும் குதிகாலை நாலைந்து முறை தூக்கி ஆட்டினால் பெரும்பாலும் பனி வெளியேறிவிடும்.

நம்பிக்கை: பைண்டிங் சரியாகக் கழன்றால் முழங்கால் தப்பும்.

கழலும் பைண்டிங்குகள் கீழ்க்கால் எலும்பைக் காக்க வடிவமைக்கப்பட்டவை. அந்த எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்கால் தசைநார்க் கிழிசல் அப்படிக் குறையவில்லை. பைண்டிங் விடுவதற்குத் தேவையான விசையை எட்டும் முன்பே தசைநார் கிழிந்துவிட முடியும்.