ஹயர் ஓடும் ஓட்டோவும் வீட்டுக் கடதாசிகளும்: சில பயனுள்ள குறிப்புகள்

ஒரு ஓட்டோவை நம்பி அடுப்பு எரிகிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். முன்பு சந்தியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால்தான் ஹயர். 2015 இல் கொழும்பில் தொடங்கிய பிக்மீ குடாநாட்டுக்கும் வந்த பிறகு, முற்றத்தில் நிற்கிற ஓட்டோவுக்கு ஃபோனிலேயே ஹயர் வருகிறது. செயலியில் பெயர் பதிந்தால் எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஹயர் எந்த வழியாக வந்தாலும் சட்டம் கேட்கிற கடதாசிகள் ஒன்றுதான். அவற்றை அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிற அம்மாமாருக்கும் மனைவிமாருக்கும் இந்தக் குறிப்புகள்.

1. முதலில் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, வாகனத்தை எந்தத் தேவைக்கு ஓடலாம் என்று அதில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சொந்தப் பாவனை என்பது வேறு, வாடகைக்கு ஓடுவது வேறு. இரண்டுக்கும் கட்டணமும் வித்தியாசம். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று சொந்தப் பாவனைக்கு எடுத்துவிட்டு, அதே ஓட்டோவில் நாள் முழுக்க ஹயர் ஓடுகிறவர்கள் உண்டு. விபத்து நடக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. நடந்தபின், பயணியை ஏற்றிக் காசு வாங்கியது தெரியவந்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவும் வழக்குச் செலவும் வீட்டின் தலையில் விழும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் ஓட்டோவின் சேதத்துக்கு ஒரு சதமும் வராது. ஏறியிருக்கிற பயணிக்கும் ஓட்டுகிறவருக்கும் காப்பு உண்டா என்று முகவரிடம் வாயால் கேட்டால் போதாது, பத்திரத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு குறிப்பைத்தான் வாசிக்க நேரம் என்றால், இதை வாசித்தால் போதும்.

2. வருடா வருடம் புதுப்பிக்கிற வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. நடப்பில் உள்ள காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் காரியம் நடக்கும். இணையத்தில் புதுப்பித்தாலும் அதே நிபந்தனைதான். ஆகவே மூன்றின் முடிவுத் திகதிகளையும் சுவர்க் கலண்டரில் குறித்து, ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். பிந்தினால் மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். முன் கண்ணாடியில் ஒட்டுகிற பத்திரம் எங்கள் வெயிலுக்கு வெளிறிப்போகும். கிடைத்த அன்றே ஃபோனில் படம் எடுத்து, ஒரு போட்டோக்கொப்பியும் வீட்டில் வையுங்கள்.

3. புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் எயார் ஃபில்டரைத் துப்புரவாக்கி, பிளக்கைப் பார்த்து, காபரேற்றரைச் சரிசெய்து கொள்ளுங்கள். இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.

4. சாரதி அனுமதிப்பத்திர அட்டையின் பின்பக்கத்தில் 'பி1' வகுப்புக்கு நேரே திகதி இருக்கிறதா என்று பாருங்கள். முச்சக்கரவண்டிக்கு உரிய வகுப்பு அது. மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த அனுமதிப்பத்திரத்தோடு அண்ணனின் ஓட்டோவை எடுத்து இரவு ஹயர் ஓடுகிற தம்பிமாரை இங்கே நிறையக் காணலாம். பிடிபட்டால் தண்டம், விபத்தென்றால் காப்புறுதியும் கை கழுவிவிடும். இலகு ரக வாகன அட்டை 8 வருடங்களுக்குச் செல்லும் என்பதால் அதன் முடிவுத் திகதியை மறந்துபோவது எளிது. புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

5. ஓட்டோ யாருடைய பெயரில் இருக்கிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஓட்டோக்களுக்கு விலை ஏறியது, பல கை மாறின. பெயரை மாற்றாமல், முந்தைய உரிமையாளர் கையொப்பமிட்ட வெறும் படிவத்தோடு ஓடுகிற வண்டிகள் அதில் பல. அவர் வெளிநாடு போய்விட்டாலோ காலமாகிவிட்டாலோ அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். வாங்கிய கையோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். லீசிங்கில் எடுத்ததென்றால் பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கடைசித் தவணை கட்டி முடித்ததும் அந்தப் பெயரை நீக்குவதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகக் கொண்டுவந்து தரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னொருவரின் ஓட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓடுகிறவர், உரிமையாளரிடம் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் ஒன்றை வைத்திருப்பது புத்தி.

6. தரிப்பிடம் உள்ளூராட்சி சபையின் விஷயம். யாழ் மாவட்டத்தில் மாநகர சபை 1, நகர சபைகள் 3, பிரதேச சபைகள் 13 என மொத்தம் 17 சபைகள். சாவகச்சேரியில் உள்ள நடைமுறை பருத்தித்துறையில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்லூர்ப் பக்கம் குடியிருந்து யாழ் நகரில் ஓடுகிறவர், வண்டியை நிறுத்துகிற இடம் எந்தச் சபையின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து அங்கேதான் விசாரிக்க வேண்டும். சங்கத்துக்குக் கட்டுகிற சந்தா வேறு, சபைக்குக் கட்டுகிற கட்டணம் வேறு. சபைக்குக் கட்டியதற்குச் சபையின் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒருவர் கையிலும் காசு கொடுக்க வேண்டாம்.

7. செயலியில் ஓடுகிறவர்களுக்கும் தரிப்பிடத்தில் நிற்கிறவர்களுக்கும் இங்கே மனக்கசப்பு இருப்பது எல்லோரும் அறிந்தது. வருடக்கணக்காக ஒரு சந்தியில் நின்று, சபைக்கும் கட்டி வந்தவரின் ஆதங்கம் நியாயமானது. அதற்காக இன்னொருவரின் ஹயரை மறிக்கவோ பயணியை இறக்கவோ எவருக்கும் உரிமை இல்லை. நோயாளியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஒரு தாய் தனக்கு வசதியான வண்டியில்தான் ஏறுவார், அதில் பிழை என்ன இருக்கிறது? செயலியில் ஓடுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லி வையுங்கள்: மற்றவர்களின் தரிப்பிடத்துக்குள் வண்டியை விடாமல், சற்றுத் தள்ளி நின்று பயணியைக் கூப்பிடட்டும். யாராவது மிரட்டினால் வாய்த்தர்க்கத்துக்குப் போகாமல், ஹயர் விவரம் தெரிகிற ஃபோன் திரையைப் படம் பிடித்துக்கொண்டு பொலிஸில் முறையிடட்டும்.

8. ஓட்டோவில் மீற்றர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஏறுமுன்பே விலை பேசுங்கள். இறங்கும்போது பேசினால் சண்டைதான்.

9. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. இரண்டிலும் நல்ல ஹயர் கிடைக்கும். ஆனால் எங்கே ஏற்றலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை அந்தந்த இடத்து நிர்வாகம் தீர்மானிக்கும், சபையின் பற்றுச்சீட்டு அங்கே செல்லாது. முதல் தடவை போகிறவர் வாசலில் கேட்டு அறிந்துவிட்டு உள்ளே போகட்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும். கொடியேற்றத்துக்கு முன்பு மாநகர சபை விடுகிற அறிவித்தலை வாசித்து, மாற்றுப் பாதையைத் தெரிந்து வைத்திருந்தால் பயணியோடு தடையில் நின்று முழிக்க வேண்டியதில்லை.

10. ஓட்டோவின் பின்னிருக்கை 3 பேருக்குரியது. பள்ளிக்கும் ரியூசனுக்கும் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் பழகிப்போன காட்சி. அது என் மனதை உறுத்துகிற விஷயம். சாரதியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்த்தி வைக்கிற பிள்ளைதான் ஒரு திடீர் பிரேக்கில் முதலில் வெளியே விழும். பெற்றோரே, ஓட்டோக்காரர் இரண்டு பேரைக் குறைத்தால் மாதக் காசைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

11. பொலிஸ் தண்டப் பத்திரம் எழுதித் தந்தால் அதைக் கசக்கிப் பைக்குள் போடாமல் வீட்டில் காட்டச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தருகிற அந்தத் துண்டுதான் 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அட்டை திரும்பக் கிடைக்கும். பிந்தினால் தொகை இரட்டிக்கும், இன்னும் பிந்தினால் நீதிமன்றம்.

12. இரண்டு மூன்று ஓட்டோக்களைச் சேர்த்து ஒரு பெயர்ப்பலகை போட்டு நடத்த எண்ணமென்றால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். சொந்தப் பெயரல்லாத பெயரில் தொழில் செய்கிற எவருக்கும் இது 1918 இலிருந்தே உள்ள சட்டம். விதானையாரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வாடகைக்கு அறை எடுத்து அலுவலகமாக்கினால் அந்த இடத்துச் சபையிலும் விசாரியுங்கள்.

13. ஒரு கொப்பியில் நாள் வரவையும் பெற்றோல், ரயர், சேர்விஸ், லீசிங் செலவையும் எழுதி, பில்களைப் பின்னால் குத்தி வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபாய்வரை வருமான வரி இல்லை. கணக்குப் பார்ப்பது கையில் வந்த மொத்தக் காசுக்கல்ல, தொழிலுக்கான செலவு கழித்த மீதிக்குத்தான். அந்தச் செலவைக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது இந்தக் கொப்பியும் பில்களும்தான். பெற்றோல் செற்றில் தருகிற துண்டில் எழுத்து சில மாதங்களில் மறைந்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே தொகையைப் பேனையால் கொப்பியில் எழுதிவிடுங்கள்.