மதில்மேல் பூனைக்கு இரண்டு பக்கம்

முடிவெடுக்கத் தெரியாதவரை 'மதில்மேல் பூனை' என்கிறோம். பூனையின் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பழியில் நியாயம் இல்லை. இந்தப் பக்கமும் குதிக்கலாம், அந்தப் பக்கமும் குதிக்கலாம் என்பதற்காகவே அது மதிலைத் தேடிப் போகிறது. எலியையும் ஓணானையும் வேட்டையாடும் அதே பூனை, நாய்க்கு அஞ்சி வாழவேண்டிய சிறிய உடம்பும் கொண்டது. மேலே இருந்து எல்லாவற்றையும் பார்ப்பதும், பார்த்ததும் விலகிப் போக ஒரு வழி வைத்திருப்பதும் சேர்ந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. அடுக்குமாடி வீடுகளில் வெளியே விடாமல் வளர்க்கும் பூனைகளுக்காகச் சுவரில் பலகை, படி, தொட்டில், பாலம் என்று மாட்டுகிற பழக்கம் இப்போது பரவி வருகிறது. நல்ல பழக்கம். ஆனால் மாட்டுகிறவர்களில் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பூனைக்கு உயரம் கிடைத்துவிடுகிறது, வழி கிடைப்பதில்லை. இதுபற்றி நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் இருப்பது இந்த ஒரு பிழைதான்.

'எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது' என்பது முதல் நம்பிக்கை. பூனைக்கு உயரம் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஏன் பிடிக்கிறது என்று கேட்டால்தான் எவ்வளவு வேண்டும் என்பது தெரியும். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவக் கழகமும் சேர்ந்து 2013-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. வீட்டில் பூனைக்கு வேண்டியவற்றை ஐந்தாகப் பகுக்கும் அந்த வழிகாட்டி, முதலில் சொல்வது பாதுகாப்பான இடத்தை. உயரமான இடம் அதில் ஒரு வகை, ஒளிந்துகொள்ளும் இடம் இன்னொரு வகை. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்து, 9 பூனைகளுக்குக் கொடுக்காமல் கவனித்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. பெட்டி கிடைத்த பூனைகளுக்குப் பதற்றம் சீக்கிரம் தணிந்தது. அவை தேடியது, யாரும் திடீரென்று கைவைக்க முடியாத ஓர் இடத்தை. ஆகவே கூரையை ஒட்டி மாட்டிய திறந்த பலகையைவிட, நம் நெஞ்சு உயரத்தில் மாட்டிய, மூன்று பக்கம் மூடிய ஒரு பெட்டி பயந்த சுபாவமுள்ள பூனைக்கு அதிக நிம்மதி தரக்கூடும்.

நம் ஊர் வீடுகளில் உயரத்துக்கு வேறு விலையும் உண்டு. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், மே மாதத்தில் கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெயிலை இரவு வெகுநேரம் வரை கக்கிக்கொண்டே இருக்கும். கூரைக்கு ஓர் அடி கீழே பலகை மாட்டிவிட்டு, பூனை அதில் படுப்பதே இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அது டைல்ஸ் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுப்பதுதான் அறிவு. அடுத்தது சீலிங் ஃபேன். மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து அறையின் நான்கு சுவரிலும் பலகை மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பலகையிலிருந்து எதிர்ச் சுவர்ப் பலகைக்கு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு சுழலும் இறக்கைக்குப் பக்கத்தில் போனால் அந்தப் பலகை அங்கே இருக்கக் கூடாது. டியூப்லைட்டை ஒட்டியும் வேண்டாம். விளக்குப் பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்குப் பூனை பாயும். பாயும்போது எங்கே இறங்குவோம் என்று அது கணக்குப் போடாது. என் கணிப்பில் மிக உயரமான பலகை ஐந்தரை, ஆறு அடியில் இருந்தால் போதும். பூனைக்கு நாம் எட்டாத உயரம் என்ற உணர்வு வரும். உடம்புக்கு முடியாத நாளில் அதைத் தூக்கி இறக்க நமக்கும் கை எட்டும்.

'எப்படி விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும்' என்பது இரண்டாவது, ஆபத்தானதும் இதுதான். விழும்போது உடம்பை முறுக்கித் திரும்பும் திறன் பூனைக்கு உண்மையிலேயே உண்டு. 1894-இல் பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியேன் ஜூல் மாரே அதைத் தொடர் படங்களாகவே எடுத்துக் காட்டினார். குட்டிகளுக்கு மூன்று, நான்கு வாரத்தில் தொடங்கி ஏழாவது வாரத்தை ஒட்டி இத்திறன் முழுமையடைகிறது. ஆனால் காலில் இறங்குவது வேறு, காயமின்றி இறங்குவது வேறு. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து ஒரு மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்: சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. அதே ஆய்வில் 90 சதவீதப் பூனைகளுக்கு மார்புப் பகுதியில் அடி பட்டிருந்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை எவரும் மருத்துவமனைக்குத் தூக்கி வரமாட்டார்கள் என்பதால், பிழைத்தவற்றின் கணக்கு எப்போதும் சற்று வீங்கியே தெரியும். 2004-இல் குரோவேஷியாவின் சாக்ரெப் நகரிலிருந்து வந்த ஆய்வு 119 பூனைகளைப் பார்த்தது. பிழைத்தவை 96 சதவீதத்துக்கும் மேல். கால் எலும்பு முறிந்தவை 46 சதவீதம்.

அவை மாடியிலிருந்து விழுந்தவை, ஆறடிப் பலகைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சரியான கேள்வி. பலகையிலிருந்து விழுவது அத்தனை கொடுமையானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நம்பிக்கையின் தைரியத்தில்தான் வலை அடிக்காத பால்கனிக் கதவை ஒட்டியும், கம்பிக்கிடையே பூனை நுழையக்கூடிய ஜன்னலுக்கு நேராகவும் பலகை மாட்டுகிறார்கள். அப்போது ஆறடிப் பலகை மூன்றாவது மாடியின் விளிம்பாகிவிடுகிறது. மைக்கா ஒட்டிய வழுக்குப் பலகையை அப்படியே மாட்டுவதும் இதே தைரியத்தில்தான். பாய்ந்து வந்து இறங்கும் பூனை நகத்தால் பற்றி நிற்க வேண்டும். மைக்காவில் நகம் பதியாது. கால்மிதியை வெட்டி ஒட்டினாலும் போதும், நகம் பதிகிற பரப்பு ஒன்று வேண்டும்.

இறங்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூனையின் நகம் பின்னோக்கி வளைந்த கொக்கி. மேலே ஏறும்போது அது உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். தலைகீழாக இறங்கும்போது உதவாது. தென்னையில் விறுவிறுவென்று ஏறிய பூனை உச்சியில் உட்கார்ந்து கத்துவது அதனால்தான். பீரோ உயரத்துக்கு ஒரே தாவில் ஏறுகிறது, அதற்குப் படி எதற்கு என்று நினைப்பவர்கள், அதே உயரத்திலிருந்து வழவழப்பான தரைமீது தினமும் பலமுறை குதிக்கும் முன்னங்கால்களை நினைத்துப் பார்க்க வேண்டும். படிகளுக்கு இடையே ஓர் அடி முதல் ஒன்றேகால் அடி உயரம் இருக்கட்டும். ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக அடுக்காமல் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி மாட்டினால், மேல் பலகையில் தலை இடிக்காமல் ஏறவும், அடுத்த படியைக் கண்ணால் பார்த்தபடி இறங்கவும் முடியும்.

'நாலு கிலோ பூனைதானே, எந்த ஆணியும் தாங்கும்' என்கிறவர்கள் பலகைமேல் பூனை சும்மா உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கும் நாலு கிலோ பூனை, பலகையைத் தொட்டபின் கால்களை மடக்கி 20 சென்டிமீட்டர் தூரத்துக்குள் தன் வேகத்தை நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், பலகைமேல் சராசரியாக இறங்கும் விசை அதன் எடையைப்போல் ஆறு மடங்கு, அதாவது 24 கிலோ. ஓர் அடி அகலப் பலகையின் வெளி விளிம்பில் அது இறங்குகிறது, பலகையைத் தாங்கும் எல் ஆங்கிளின் சுவர்ப்பக்க நீளம் அரை அடிதான் என்றால், நெம்புகோல் கணக்குப்படி மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு அதைப்போல் இரண்டு மடங்கு, 48 கிலோ. அதே ஆங்கிளின் சுவர்ப்பக்கம் ஓர் அடி நீளமாக இருந்தால் இழுப்பு பாதியாகிவிடும். பிராக்கெட் வெளியே தெரியாத அழகிய பலகைகளில் இந்தச் சுவர்ப்பக்கப் பிடிப்பு அநேகமாக இருப்பதே இல்லை. புத்தகமோ பூச்செடியோ வைக்க அவை போதும். பூனைக்குச் சரிப்படா.

ஸ்க்ரூ எதில் பிடித்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். செங்கல் சுவரில் மேலே இருப்பது சிமென்ட் பூச்சு. குட்டையான பிளக் அந்தப் பூச்சோடு நின்றுவிட்டால் பூச்சுதான் பெயர்ந்து வரும். துளை பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் நன்றாகப் போக வேண்டும். புதிய குடியிருப்புகளில் பல சுவர்கள் எடை குறைந்த ஏஏசி பிளாக்கில் கட்டியவை. டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அதுதான் என்று புரிந்துகொண்டு, அதற்கென்றே விற்கும் நீளமான பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஜிப்சம் போர்டு தடுப்பாக இருந்தால், பின்னால் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளை போடவே வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் குழாய் ஓடும். மாட்டி முடித்ததும் பூனை ஏறுவதற்கு முன் நம் கையால் விளிம்பை அழுத்தித் தொங்கிப் பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் ஆடுகிற பலகையில் ஒருமுறை கால் வைத்த பூனை, அதை இறுக்கிக் கொடுத்த பிறகும் நெடுநாள் நம்பாது.

இரண்டு, மூன்று பூனைகள் இருக்கும் வீடுகளில் 'பலகை மாட்டினால் சண்டை தீரும்' என்பார்கள். தீரலாம், முற்றவும் செய்யலாம். ஒரே வீட்டில் வெளியே போகாமல் வாழ்ந்த 14 பூனைகளைக் கவனித்து 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அழகான ஒன்றைக் காட்டியது. பிடித்த இடங்களைப் பல பூனைகள் பகிர்ந்துகொண்டன, வெவ்வேறு நேரங்களில். நேரத்தைப் பிரித்து வாழ்வது பூனையின் நாகரிகம். ஒன்று இருக்கும் நேரத்தில் மற்றது விலகிப் போக முடிந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். ஒரே ஏணி, முடிவில் ஒரு முட்டுச்சந்து என்று அமைத்தால், ஒரு பூனை கீழ்ப்படியில் உட்கார்ந்து முறைத்தே மேலிருப்பதைச் சிறை வைத்துவிடும். சீறலும் கீறலும் இல்லாததால் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது சமாதானமாகத் தெரியும். மேலே இருக்கும் பூனை சாப்பிடவும், மணல் தட்டுக்குப் போகவும் மணிக்கணக்காகக் காத்திருக்கும். ஏற இரண்டு வழி, இறங்க இரண்டு வழி, நடுவில் இரண்டு பூனைகள் ஒன்றையொன்று தாண்டக்கூடிய அகலத்தில் ஓர் இடம். இது முடியாத சின்னச் சுவரில், எதிரெதிர்ச் சுவரில் ஒரு பூனை மட்டும் படுக்கும் அளவில் தனித்தனி இருக்கை வைப்பது மேல்.

'வயசாகிவிட்டது, சோம்பேறி, இனி எதற்குப் பலகை' என்ற பேச்சைக் கேட்டால் மனம் வலிக்கிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. ஆறு மாதக் குட்டியிலிருந்து 20 வயதுவரை எல்லா வயதிலும் 100 பூனைகளைத் தேர்ந்தெடுத்து 2010-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 92. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலியாக உணரப்படும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் பூனை நாயைப்போல் நொண்டிக் காட்டாது. தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், தாவுமுன் தயங்கும், நேராக ஏறிய இடத்துக்கு நாற்காலி வழியாகச் சுற்றிப் போகும். அதைச் சோம்பல் என்று பெயரிட்டுப் பலகையைக் கழற்றிவிட்டால், வலியோடு பார்வையிடமும் போய்விடுகிறது. மருத்துவரிடம் காட்டுங்கள். படிகளின் இடைவெளியை அரை அடியாகக் குறைத்து, கீழே ஒரு சாய்வுப் பலகை வைத்து, உச்சிப் பலகையை மூன்றடிக்கு இறக்குங்கள். ஜன்னல் தெரிந்தால் அதற்கு அதுவே போதும்.

இவ்வளவும் ஒரு பூனைக்கா, பீரோவும் லாஃப்டும் போதாதா என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பல வீடுகளில் போதும். மேஜை, அதை ஒட்டிப் புத்தக அலமாரி, அதை ஒட்டி பீரோ, மறுபக்கம் இறங்க ஒரு ஸ்டூல் என்று நகர்த்தி வைத்தால் அதுவும் பூனைக்கு ஒரு தெருதான். அலமாரி சாய்ந்துவிடாமல் சுவரோடு ஓர் ஆங்கிள் போட்டால் சரி. துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்காத வாடகை வீடுகளில் இதுவே நல்ல வழி. சுவரில் மாட்டுவது, தரையில் இடமில்லாத வீட்டுக்கு. அப்படி மாட்டியபின் பூனையைத் தூக்கி மேலே உட்கார வைக்கக் கூடாது. வழி தெரியாமல் உச்சியில் நிற்கும் பூனைக்கு அந்தச் சுவரே பயமாகிவிடும். கீழ்ப்படியில் துளி கருவாடு, மறுநாள் அடுத்த படியில் துளி என்று வைத்துக்கொண்டே போனால் ஏறும் வழியை அது தானே கற்றுக்கொள்ளும். முதல்முறை மேலே போனதும் கைதட்டி ஆரவாரம் செய்யாமல், அது எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். ஒரே பலகையிலிருந்து நேராகத் தரைக்குக் குதித்தால் இறங்கும் வழியில் எங்கோ ஒரு படி குறைகிறது. அந்த இடத்தில் பென்சிலால் குறித்துவைத்து, மறுநாள் டிரில்லை எடுக்கலாம்.