மின்கட்டண உதவி: பட்டியலில் யாருடைய பெயர் இருக்கின்றது?

ஒன்ராறியோவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மின்சார உதவித் திட்டம் 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இதில் பணம் கையில் தரப்படுவதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதப் பட்டியலிலேயே 35 முதல் 75 டொலர் வரை கழிக்கப்படுகின்றது. மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்குவோருக்கும், சில மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கும் இத்தொகை அதிகம். வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கையும் வயதுவந்த அனைவரின் வருமானமும் கணக்கில் எடுக்கப்படும். வேலைக்குச் செல்லும் மகனின் சம்பளத்தை விட்டுவிட்டு விண்ணப்பிப்பதில் பயனில்லை. அது வரிப் பதிவுகளுடன் ஒப்பிடப்படும்.

மின்சாரக் கணக்கு விண்ணப்பதாரரின் பெயரில் இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. நிலக்கீழ்க் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேதான் தடைப்படுகின்றன. வாடகைக்குள் மின்கட்டணமும் அடங்கியிருக்க, பட்டியல் வீட்டு உரிமையாளரின் பெயருக்கே வருகின்றது. இவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஒன்ராறியோ எரிசக்தி மற்றும் சொத்துவரிச் சலுகையை, செலுத்திய வாடகையைக் காட்டிப் பெறலாம். வருமானமே இல்லாதவரும் வரி அறிக்கை தாக்கல் செய்து, அதனுடன் ‘ஓஎன்-பென்’ படிவத்தை நிரப்ப வேண்டும். அறிக்கையை அனுப்பிவிட்டு இப்படிவத்தை மறப்பது எளிது. மறந்தால் சலுகையும் வராது. வரித் திணைக்களம் பின்னர் வாடகைப் பற்றுச்சீட்டுகளைக் கேட்கக்கூடும். சீட்டுக் கேட்டால் உரிமையாளர் மனம் கோணுவாரோ என்ற தயக்கம் இயல்பானது. எனினும், மாகாண வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட குடியிருப்புகளில், கேட்கும் வாடகையாளருக்கு அதனை இலவசமாக வழங்குவது உரிமையாளரின் கடமை.

கட்டணம் ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் நிலைமை வேறு. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை, பணம் செலுத்தாத காரணத்துக்காக வீடுகளின் மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. இதனை மன்னிப்பு எனக் கருதுவோர் மே மாதத்தில் அதிர்ச்சி அடைகின்றனர். குளிர்காலம் முழுவதும் கடன் வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். ஆகவே துண்டிப்பு அறிவித்தல் வரும்வரை காத்திராது மின் நிறுவனத்தை முன்கூட்டியே அழைப்பது நல்லது. ‘லீப்’ எனப்படும் அவசரகால உதவி, நிலுவையில் ஒரு பகுதியை நேரடியாக நிறுவனத்துக்குச் செலுத்தும். இது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனன்று. குறைந்த வருமான வாடிக்கையாளர் எனத் தகுதி பெற்றவர், எஞ்சிய நிலுவையைக் கடனின் அளவுக்கேற்ப 8 முதல் 16 மாதங்கள் வரை தவணையாகச் செலுத்தக் கோரலாம். வைப்புப் பணத்திலிருந்தும் விலக்குக் கேட்கலாம். இவற்றை நிறுவனம் தானாகச் சொல்லும் என எதிர்பார்க்க வேண்டியதில்லை. பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இணையச் சேவைக்கு மத்திய அரசின் ‘கனெக்ரிங் ஃபமிலிஸ்’ திட்டம் உண்டு. கனடா பிள்ளைகள் நலக் கொடுப்பனவை உச்ச அளவில் பெறும் குடும்பங்களும், உத்தரவாத வருமானத் துணைக்கொடுப்பனவை உச்ச அளவில் பெறும் முதியோரும் இதற்குத் தகுதியுடையோர். 2022இல் அறிமுகமான பிரிவில் மாதக் கட்டணம் 20 டொலர். அனுமதிக் குறியீட்டைக் கொண்ட அரசுக் கடிதம் விளம்பரம் போலத் தோன்றலாம்; எறிந்துவிடக் கூடாது. இக்கொடுப்பனவுகளின் அளவும் வரி அறிக்கையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது.

உதவி தேவைப்படுவோர் 211 என்ற எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். மின்கட்டணப் பட்டியலையும் கடைசி வரி மதிப்பீட்டு அறிவித்தலையும் அருகில் வைத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.