லாடம் கழற்றிய குதிரைக்குக் குளம்புப் பராமரிப்பு

குதிரைக்கு லாடம் கட்டாமல் வைத்திருக்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். கொங்குப் பகுதித் தோட்டங்களில் ஒன்றிரண்டு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வளர்ப்பவர்களும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களும், ரேக்ளா ஓட்டுபவர்களும் இதைக் கேட்கிறார்கள். தாராளமாக வைத்திருக்கலாம். பெரும்பாலான குதிரைகள் லாடம் இல்லாமலே நன்றாக இருக்கும். ஆனால் லாடம் இல்லையென்றால் கவனிப்பும் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. லாடம் கட்டிய குதிரைக்கு அது தேய்ந்ததும், தளர்ந்ததும் லாடக்காரர் வந்தே ஆக வேண்டும். கழற்றிவிட்டால் அவரைக் கூப்பிட நினைவிருக்காது. மாதங்கள் ஓடி, குதிரை நொண்டும்போதுதான் காலைத் தூக்கிப் பார்ப்போம். நான் பார்க்கும் குளம்புக் கோளாறுகளில் பெரும்பகுதி இப்படித் தள்ளிப்போட்டு வந்தவைதான்.

குளம்புச் சுவர் (வெளியில் தெரியும் கடினமான பகுதி) நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் புரதத்தால் ஆனது. மேல் விளிம்பிலிருந்து, அதாவது முடி முடிந்து குளம்பு தொடங்கும் இடத்திலிருந்து, கீழ்நோக்கி மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மி.மீ. வரை வளர்கிறது. முன் நுனியில் அது தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். குதிகால் பக்கம் உயரம் குறைவு என்பதால் சீக்கிரம் வந்துவிடும். திறந்த வெளியில் தினமும் பல கிலோமீட்டர் நடந்து மேயும் குதிரைக்கு வளர்வதும் தேய்வதும் ஈடாகிவிடும். கொட்டிலிலேயே கட்டிக் கிடக்கும் குதிரைக்குத் தேய்மானம் இல்லை, குளம்பு நீண்டுகொண்டே போகும். நாள் முழுவதும் தார்ச்சாலையில் ஆள் சுமக்கும் குதிரைக்கோ வளர்வதைவிடத் தேய்வது அதிகம். முன்னதற்குச் சீவல் வேண்டும், பின்னதற்குக் காப்பு வேண்டும். உங்கள் குதிரை இதில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகள் அதைப் பொறுத்தவை.

குளம்புக்குள்ளே குளம்பெலும்பு (காலின் கடைசி எலும்பு) இருக்கிறது. அதைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பவை லேமினே (மெல்லிய இழைத் தகடுகள்). இரு கை விரல்களைக் கோத்துக்கொண்டதுபோல் எலும்புப் பக்கத்துத் தகடுகளும் சுவர்ப் பக்கத்துத் தகடுகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன. குதிரையின் எடை பெருமளவு இந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது. அடியில் ஃபிராக் (குதிகாலிலிருந்து நுனியை நோக்கிக் கூம்பி வரும் முக்கோண மெத்தை) இருக்கிறது. நல்ல குளம்பு சமதரையில் நடக்கும்போது குதிகால் பக்கம் சற்று முந்தித் தரையைத் தொடும். அப்போது ஃபிராக்கும் அதன் மேலுள்ள நார்த்திசு மெத்தையும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், குளம்பு லேசாக விரியும், அதிலுள்ள இரத்தம் மேலே போகவும் அது உதவும். லாடம் இல்லாத குளம்பின் பெரிய நன்மை இந்த விரிவு தடைபடாமல் இருப்பதுதான். குளம்பை நீளவிட்டால் அந்த நன்மை போய்விடும்.

குளம்பு நீண்டுவிட்டதை எப்படி அறிவது? குதிரையைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கணுவுக்குக் கீழுள்ள பகுதியின் முன்கோடும் குளம்பின் முன்கோடும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். நுனி நீண்டு குதிகால் தாழ்ந்திருந்தால் அந்தக் கோடு குளம்பில் வந்து உடையும். அப்படிப்பட்ட குளம்பு ஒவ்வோர் அடியிலும் தரையை விட்டு எழத் தாமதமாகும், காலின் பின்புறத் தசைநாண் இழுபடும், நாளடைவில் குதிரை இடறத் தொடங்கும். சுவர் கீழே வரவர வெளிப்பக்கம் விரிந்து போவதும், ஓரம் சில்லுச் சில்லாக உடைவதும், கீழிருந்து மேலேறும் விரிசலும் சீவல் தாமதமானதைச் சொல்பவை. சுவரின் குறுக்கே ஓடும் மெல்லிய வளையங்களைக் கண்டு பதற வேண்டாம். தீனியோ பருவமோ மாறினால் அவை வரும். வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். அது பழைய லேமினைடிஸின் அடையாளமாக இருக்கலாம். அந்த நோயைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவுவது பெரும்பாலான குதிரைகளுக்குப் பொருந்தும். நம் ஊர்களில் மாட்டுக்கு லாடம் கட்டும் கைகளே குதிரைக்கும் வருகின்றன. அவர்கள் கைத்திறனில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மாட்டுக் குளம்பு பிளந்தது. அதில் இரண்டு தட்டுகள் உட்கார வேண்டும் என்பதற்காக அடியைச் சமமாகச் சீவுவார்கள். லாடம் கட்டாத குதிரையின் உள்ளங்காலை அப்படிச் சீவவே கூடாது. அந்தத் தடிப்புதான் எலும்புக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் ஒரே காப்பு. சுண்ணாம்புத் தூள்போல் உதிரும் செத்த பகுதியை மட்டும் எடுக்கலாம். மெழுகுபோல் மினுங்கும் உயிர்ப்பகுதி தெரிந்ததும் கத்தி நிற்க வேண்டும். இளஞ்சிவப்பு தெரிகிறதென்றால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளங்கால் உள்வாங்கினால், அந்தக் குதிரைக்கு அடியில் கத்தியே படக் கூடாது.

சீவ வேண்டியது சுவரைத்தான். குறடால் சுவரைச் சுற்றி வெட்டி, உள்ளங்காலின் மட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி விட்டு, பிறகு அரத்தால் ஓரத்தை வெளிப்பக்கமாக உருட்டிவிட வேண்டும். இந்த உருட்டல் இல்லாவிட்டால் கூரான ஓரம் கல்லில் பட்டு உடையும். குதிகாலை ஃபிராக்கின் மிக அகலமான பகுதியை ஒட்டிக் கொண்டுவருவது நல்ல இலக்கு. ஃபிராக்கில் தொங்கும் பிசிறுகளை மட்டும் எடுங்கள், அழகாகத் தெரிய வேண்டுமென்று செதுக்காதீர்கள். சுவரின் வெளிப்பரப்பை மேலிருந்து கீழ்வரை அரம் போட்டுப் பளபளப்பாக்குவதும் வேண்டாம், அது ஈரத்தைத் தடுக்கும் மேலடுக்கைச் சுரண்டிவிடும். பல மாதம் கவனிக்காமல் விட்ட குளம்பை ஒரே நாளில் சரியாக்கச் சொல்லி யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். ஓராண்டில் கோணலானதை மூன்று நான்கு வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர முடியும். ஒரே தடவையில் நுனியையும் குதிகாலையும் வெட்டித் தள்ளினால், நேற்றுவரை நடந்த குதிரை இன்று நடக்காது.

முதல் சில சீவல்களை அனுபவமுள்ளவரைக் கொண்டு செய்து, பக்கத்தில் நின்று பாருங்கள். இடையில் வாரம் ஒருமுறை அரத்தால் ஓரத்தை மட்டும் உருட்டிவிடுவதைக் குதிரை வைத்திருப்பவரே கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு சீவலுக்கும் முன்பும் பின்பும் நான்கு குளம்புகளையும் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும்.

லாடத்தைக் கழற்றிய முதல் வாரங்களில் குதிரை சரளைக் கல்லில் கூசிக் கூசி நடக்கும். பலர் பயந்துபோய் உடனே மறுபடி லாடம் அடித்துவிடுகிறார்கள். இந்தக் கூச்சம் எதிர்பார்க்க வேண்டியதுதான். பழைய ஆணித் துளைகள் இருக்கும் இடம் உடைந்து உதிர்வதும் இயல்பு, சில மாதங்களில் அந்தப் பகுதி வளர்ந்து போய்விடும். மண் தரையில் தொடங்கி, பிறகு சமமான கெட்டித் தரை, கடைசியாகச் சரளை என்று படிப்படியாக நடத்துங்கள். சவாரிக்குப் போகும்போது மாட்டிவிட்டு வந்ததும் கழற்றக்கூடிய ரப்பர் காலுறைகளும் உண்டு. ஆனால் மண் தரையில், சும்மா நிற்கும்போதும் காலை மாற்றி மாற்றி வைக்கிறதென்றால் அது வெறும் கூச்சம் இல்லை, மருத்துவரைக் கூப்பிடுங்கள். மலைச்சாலையில் தினமும் சுமக்கும் குதிரைக்கும், உள்ளங்கால் மெல்லிதான குதிரைக்கும், மேல் விளிம்புவரை விரிசல் ஏறிய குளம்புக்கும் லாடமே நல்லது என்று மருத்துவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். லாடமில்லாமல் வைத்திருப்பதைக் கொள்கையாக ஆக்கிக் குதிரையை வலியில் நிறுத்தக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவது திரஷ் (ஃபிராக் அழுகல்). சாணமும் மூத்திரமும் ஊறிய ஈரத்தில் நின்றால் கிருமிகள் ஃபிராக்கின் பள்ளங்களில் புகுந்துவிடும். கறுப்பாக மசிபோல் ஒழுகுவதும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காத நாற்றமும் அடையாளங்கள். நடுப்பள்ளம் ஆழமாகி, குளம்பைச் சுத்தம் செய்யும் கொக்கி நுழைந்ததும் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அழுகல் உள்ளே போய்விட்டது என்று பொருள். காலை மாலை கொக்கியால் அழுக்கை எடுத்து, நீர்த்த பொவிடோன் அயோடினால் கழுவி, துணியால் ஒற்றி உலரவிடுங்கள். நிற்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். தரை ஈரமாகவே இருந்தால் எந்த மருந்தும் நிலைக்காது. மயில்துத்தத்தைத் தூளாக அப்படியே அடைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, வேஸ்ட் ஆயில் தடவுவது, சூடு போடுவது எல்லாம் வேண்டாம். இவை கிருமியோடு சேர்த்து உயிருள்ள தசையையும் எரித்துவிடும், அந்தப் புண் ஆற இன்னும் நாளாகும்.

நேற்று நன்றாக ஓடிய குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மறுத்தால், எலும்பு முறிந்துவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அது குளம்புக்குள் சீழ்க்கட்டியாக இருக்கும். குளம்பு சுடும், கணுவின் பின்பக்கம் இரு ஓரங்களிலும் விரல் வைத்தால் நாடி ஓங்கித் துடிக்கும். மருத்துவர் சின்னத் துளையிட்டுச் சீழை வடித்ததும் குதிரை காலை ஊன்றத் தொடங்கிவிடும். அவர் வரும்வரை வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் குளம்பை ஊறவைக்கலாம். நீங்களே கத்தியால் தோண்டாதீர்கள், வலி ஊசி போட்டு மறைக்கவும் வேண்டாம். அடியில் ஆணி குத்தி நின்றால் நிலைமை வேறு. ஃபிராக்கின் நடுவில் குத்திய ஆணி மூட்டுவரை போயிருக்கக்கூடும். முடிந்தால் பிடுங்காமல், அந்தக் காலை ஊன்றவிடாமல், மருத்துவரை வரவழையுங்கள். பிடுங்கியே ஆக வேண்டியிருந்தால் குத்திய இடம், சாய்வு, ஆழம் மூன்றையும் குறித்து வையுங்கள். டெட்டனஸ் (ரண ஜன்னி) எளிதில் தாக்கும் விலங்குகளில் குதிரை முதல் வரிசையில் இருப்பது. தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது லேமினைடிஸ் (இழைத் தகடுகளின் அழற்சி). காலில் தெரிந்தாலும் பல நேரம் வயிற்றில் தொடங்குவது. அளவுக்கு மீறித் தின்ற மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும்போது, அங்கிருந்து கிளம்பும் நஞ்சு இரத்தத்தில் கலந்து தகடுகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. பிடிப்பு விட்டால் குளம்பெலும்பு கீழே இறங்கிவிடும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்கு வேகவைத்த அரிசியும் இறைச்சியும் கொடுக்கிறார்கள், பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை மடிந்துபோகின்றன என்று எழுதியிருக்கிறார். இன்றும் திருவிழா நாளில் சர்க்கரைப் பொங்கலும் சோறும் அன்போடு வாளி வாளியாக ஊட்டப்படுகின்றன. தீவன மூட்டையை அவிழ்த்து இரவில் தின்றுவிட்ட குதிரைக்கும், குட்டி போட்டு மூன்று மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாத குதிரைக்கும், கழுத்து மேடாகக் கொழுப்பு ஏறிய குதிரைக்கும் இந்த ஆபத்து உண்டு. அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய சமயங்கள் இவற்றில் முதலிரண்டும்.

இந்த நோயில் குதிரை முன்கால்களை நீட்டி, பின்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, பின்னால் சாய்ந்து நிற்கும். திரும்பச் சொன்னால் மறுக்கும். வாயு பிடித்திருக்கிறது, நடந்தால் சரியாகும் என்று இழுத்து நடத்துவது தளர்ந்த தகடுகளை அறுப்பதற்குச் சமம். நின்ற இடத்திலேயே ஆற்றுமணலோ மரத்தூளோ ஆழமாகப் பரப்புங்கள். தானியத்தை நிறுத்தி உலர்புல் மட்டும் கொடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் கணுவுக்கு மேல்வரை கால்கள் இடைவிடாமல் குளிர்ந்திருக்கட்டும்; தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில் இதனால் பலன் அதிகம். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அடுத்த சீவல் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நல்ல நாளிலும் தீனியை மாற்றுவதென்றால் ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கொள்ளும் இதற்கு விலக்கல்ல.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுழி பார்ப்பதில் காட்டும் பொறுமையில் பாதியைக் குளம்புக்கும் காட்டுங்கள். நான்கு கால்களையும் தூக்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், மணலில் மட்டும் நடத்தாமல் கெட்டித் தரையிலும் நடத்திப் பாருங்கள். குளம்பில் கறுப்பு மெழுகோ எண்ணெயோ பூசியிருந்தால் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். காலைத் தொடவே விடாத இளங்குதிரையாக இருந்தால், தினமும் சில நிமிடம் காலைத் தூக்கிப் பழக்கும் வேலை வாங்கிய அன்றே உங்களுக்குத் தொடங்குகிறது என்பதை விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.