மௌனம் சம்மதம் ஆகுமா?



உறுப்பு தானம் செய்தால் நம் அடக்க முறைக்குக் குறை வருமா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நாம் உடலை எரிப்பதில்லை. தர்மயுகத்தை எதிர்பார்த்து, வடக்கு நோக்கி அமர்த்தி, நாமம் சாத்தி அடக்கம் செய்கிறோம். உறுப்பு தானத்தில் உறுப்புகளை எடுத்தபின் உடலைத் தைத்து வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். நம் முறைப்படி அடக்கம் செய்யலாம். மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலையும் கொடுப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இருந்தும், மண்ணுக்குப் போகும் உடல் முழுதாகவே போகட்டும் என்று ஒருவர் எண்ணினால், அதைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை.

சிங்கப்பூரில் 1987-ல் வந்த சட்டப்படி, 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்காதவர் எல்லாரும் சம்மதித்தவரே. அங்கும் முஸ்லிம்களை முதலில் விலக்கியே வைத்தார்கள். அவர்களுடைய மார்க்க அறிஞர்கள் ஏற்ற பிறகு, 2008-ல்தான் சேர்த்தார்கள்.

நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியல்ல. இங்கே கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். 2018-ல் சாலை விபத்தில் சிக்கிய கேரள இளைஞர் ஒருவர் சேலத்துத் தனியார் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். சிகிச்சைக் கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கி உறுப்புகளை எடுத்ததாகப் புகார் எழுந்தது. கேரள முதல்வர் பினராயி விஜயன் நம் மாநில முதல்வருக்குக் கடிதமே எழுதினார்.

புகார் உண்மையானால், அது தானமா? கேட்காமலே மக்களின் உடலுழைப்பை எடுத்துக்கொண்ட ஊழியத்தையும், அநியாய வரிகளையும் எதிர்த்தவர் அய்யா வைகுண்டர். கீழே கிடப்பவரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்றவரும் அவரே. சிறுநீரகம் பழுதாகிக் காத்திருப்பவரும் கீழே கிடப்பவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் கடனோடு நிற்கும் தாயும் அப்படித்தான். ஒருவரைத் தூக்க இன்னொருவரை மிதிக்கக் கூடாது.

லாரித் தொழிலால் நெடுஞ்சாலையிலேயே பாதி வாழ்நாள் கழியும் பக்கம் இது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே முடிவைச் சொல்லி வையுங்கள். கொடுக்க விரும்புபவர், நெருங்கிய உறவினர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் எழுதி வைக்கலாம். விருப்பம் இல்லாதவரும் மனைவி மக்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் போனால், அந்தப் பாரம் அழுதுகொண்டு நிற்கும் வீட்டாரின் தலையில்தான் விழும்.

அய்யா உண்டு.