பயணியும் பொதுக் கணிப்பொறியும்

பழங்காலத்தில் வழிநடைப் பயணம் செய்த மக்கள், கட்டுச்சோற்று மூட்டையுடன் நீர் முகக்கும் செம்பு ஒன்றையும் கையோடு கொண்டு சென்றனர். வீட்டுச் செம்பு நன்கு துலக்கப்பெற்றது, தூய்மையானது. ஆயினும் அச்செம்பில் அவர்கள் முகந்தது அயலூர்க் கிணற்று நீரே. கிணறு கெட்டிருந்தால் செம்பின் தூய்மை அவர்களைக் காப்பாற்றாது. ஆதலின் அறிவுடையோர் செம்பை மட்டும் நம்பவில்லை; கிணற்றையும் நோக்கினர். இக்காலப் பயணிக்கும் இவ்வறிவு வேண்டப்படுகின்றது. அவர் கையிலுள்ள செம்பு பென் டிரைவ். வழியிலே காணும் கிணறு பொதுக் கணிப்பொறி.

பென் டிரைவ் 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் வந்தவை 8 மெகாபைட் அளவே கொள்ளத்தக்கனவாய் இருந்தன. ஆண்டுதோறும் அக்கொள்ளளவு பெருகியது. ஆவணங்களை மட்டுமன்றி, மென்பொருள்களையும் அதிலேயே வைத்து இயக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. பொதுவாக ஒரு மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவினால், அது தன் அமைப்புக் குறிப்புகளை அக்கணிப்பொறியின் பல இடங்களில் எழுதி வைக்கும். கையடக்க மென்பொருளின் இயல்பு வேறு. அது தனக்கு வேண்டியவற்றைத் தன் கோப்புறையிலேயே வைத்துக்கொண்டு இயங்கும். 2004-ஆம் ஆண்டில் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்பாக்ஸ் உலாவியை இம்முறையில் அமைத்து வெளியிட்டார். பின்னர், கடிதம் எழுதவும், படம் திருத்தவும், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கவும் உதவும் மென்பொருள்கள் பல இவ்வடிவில் கிடைக்கலாயின.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. வெளியூரில் விடுதியிலோ, நூலகத்திலோ, பிரவுசிங் சென்டரிலோ ஒருவர் அமர்ந்தாலும், தமக்குப் பழகிய கருவிகளையே கையாளலாம். பார்த்த பக்கங்களின் பட்டியலும் பெரும்பாலும் அவருடைய பென் டிரைவிலேயே தங்கும். இவ்வசதியைக் கண்டவர் சிலர், "எல்லாம் எம் கையில் உள்ளன, இனி அச்சமில்லை" என்று கருதினர். இக்கருத்தே பிழையானது. இதனை நியூயார்க் நகரில் நடந்த நிகழ்ச்சியொன்று நன்கு விளக்கும்.

நியூயார்க் நகரின் மான்ஹாட்டன் பகுதியில் நகலெடுக்கும் கடைகள் பல இருந்தன. அங்கு வருவோர் கட்டணம் செலுத்திக் கணிப்பொறிகளையும் பயன்படுத்தினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் இளைஞன் ஒருவன் அக்கணிப்பொறிகளில் கள்ள மென்பொருள் ஒன்றை மறைவாக நிறுவி வந்தான். விசைப்பலகையில் எவர் எந்த எழுத்தைத் தட்டினாலும் அதனைப் பதிந்துகொள்வதே அதன் தொழில். இவ்வகை மென்பொருளைக் கீலாக்கர் என்பர். 2002-ஆம் ஆண்டு டிசம்பர் வரை, ஏறத்தாழ ஈராண்டுக் காலம் இக்களவு தொடர்ந்தது. 450-க்கு மேற்பட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அவன் கைக்குச் சென்றன. அவற்றைக் கொண்டு அவன் பிறருடைய வங்கிக் கணக்குகளுக்குள் நுழைந்தான்.

களவு வெளிப்பட்ட வகை வியப்பானது. ஒருநாள் ஒருவர் தம் இல்லத்திலுள்ள கணிப்பொறித் திரையை நோக்கினார். எவரும் தொடாமலே திரையின் சுட்டி அங்குமிங்கும் நகர்ந்தது. கோப்புகள் தாமே திறந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அவர் பெயரால் புதிய கணக்கு தொடங்கப்பட்டது! வெளியிடத்திலிருந்து தம் வீட்டுக் கணிப்பொறியை இயக்கும் வசதியை அவர் பெற்றிருந்தார். அவ்வசதிக்குரிய கடவுச்சொல்லே களவு போயிருந்தது. களவாடியவன் பிடிபட்டு, 2003-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

அக்கடைகளுக்கு வந்தவர்கள் தத்தம் பென் டிரைவிலிருந்து கையடக்க உலாவியை இயக்கியிருந்தால் தப்பியிருப்பார்களா? தப்பியிருக்க முடியாது. உலாவி அவர்களுடையது, விசைப்பலகை கடையினுடையது. தட்டிய எழுத்து முதலில் அக்கணிப்பொறியின் இயக்க முறைமையைச் சேர்ந்து, அதன் பின்னரே உலாவியை அடைகின்றது. கள்வன் இடைவழியிலேயே காத்திருக்கிறான். கணிப்பொறியிலிருந்து வங்கிக்குச் செல்லும் செய்தி மறைகுறியாக்கம் செய்யப்படுவது உண்மையே. ஆனால், மறைகுறியாக்கம் தொடங்குமுன்பே களவு முடிந்துவிடுகின்றது.

இத்தீமை அந்நகரோடு ஒழியவில்லை. 2014-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க இரகசியச் சேவைத் துறை, விடுதிகளை நடத்துவோர்க்கு எச்சரிக்கை ஒன்று விடுத்தது. டல்லஸ் நகரை ஒட்டிய பகுதியிலுள்ள பெரிய விடுதிகளில், விருந்தினர்க்கென வைத்திருந்த கணிப்பொறிகளிலும் கீலாக்கர் நிறுவப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். விடுதி பெரிது என்பதால் கணிப்பொறி தூயது என்று கொள்ளுதல் ஆகாது.

சிலர் மென்பொருளோடு நில்லாமல், டெயில்ஸ் போன்றதோர் இயக்க முறைமையையே பென் டிரைவில் கொண்டு சென்று, அதனைக் கொண்டே கணிப்பொறியைத் தொடங்குவர். கணிப்பொறியின் வன்தட்டில் ஒளிந்துள்ள கீலாக்கர் அப்போது இயங்காது. ஆதலின் இது முன்னதினும் மேலான காவல். எனினும், விசைப்பலகைக்கும் கணிப்பொறிக்கும் இடையே செருகப்படும் சிறு கருவியாகவும் கீலாக்கர் அமைவதுண்டு. அக்கருவிக்கு எந்த இயக்க முறைமையும் ஒன்றே. மேலும், பொது இடத்துக் கணிப்பொறிகள் பல வெளியிலிருந்து தொடங்க இடந்தருவதில்லை.

சுவடு விடாமை என்பதும் முழு உண்மையன்று. எந்தப் பென் டிரைவ் செருகப்பட்டது என்பதை விண்டோஸ் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்கள் அங்கே தங்கக்கூடும். நினைவகத்தில் இருந்த செய்தியின் ஒரு பகுதி வன்தட்டில் எழுதப்பட்டிருக்கவும் கூடும்.

பொதுக் கணிப்பொறியிலிருந்து தீங்கு வீட்டிற்கு வருவதும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரல், பிணையத்தின் வழியே மட்டுமன்றிப் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. அக்காலத்து விண்டோஸ் கணிப்பொறிகளில், செருகிய மாத்திரத்தில் தானே இயங்கும் வசதி இருந்தது; அதுவே தீநிரலுக்கு வாயிலாயிற்று. 2009-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 7 அவ்வாயிலைப் பென் டிரைவுக்கு அடைத்தது. 2011-ஆம் ஆண்டில் பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் வந்தது. எனினும், கெட்டுப்போன கோப்பை ஒருவர் தம் கையாலேயே திறந்தால் தீங்கு வரும். கையடக்க மென்பொருளின் கோப்புகளும் பென் டிரைவிலேயே இருத்தலால், அவையும் தீநிரலுக்கு இரையாகலாம்.

அங்ஙனமாயின் பயணி செய்யத்தக்கது யாது? முதலாவது, செயல்களை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். இரயில் நேரம் அறிதல், ஊரின் வரைபடம் காணுதல், செய்தி படித்தல் ஆகியவற்றிற்குக் கடவுச்சொல் தேவையில்லை. இவற்றைப் பொதுக் கணிப்பொறியில் செய்யலாம். வங்கிக் கணக்கு, முதன்மை மின்னஞ்சல், தேர்வு விண்ணப்பம் போன்றவற்றை அங்கே திறத்தல் ஆகாது. தம்முடைய செல்பேசியே இவற்றிற்கு ஏற்றது. மின்னஞ்சலை இப்பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு மின்னஞ்சலுக்கே வருகின்றது. அதனைப் பறிகொடுத்தவர் பலவற்றைப் பறிகொடுத்தவர் ஆவார்.

இரண்டாவது, புறப்படுமுன் ஆயத்தம் செய்தல். கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்கும் முறையைக் கணக்குகளில் அமைத்துவிட்டால், களவாடிய கடவுச்சொல் ஒன்றைக் கொண்டே எவரும் உள்ளே நுழைதல் அரிதாகும். திறந்திருக்கும் கணக்கினுள் அக்கணமே புகும் தீநிரலை இதுவும் தடுக்காது என்பதை மறத்தலாகாது. கடவுச்சொற்கள் அனைத்தையும் பூட்டி வைத்த பெட்டகத்தைப் பொதுக் கணிப்பொறியில் திறத்தல் கூடாது. அதன் தலைச் சாவி பதிவானால், பெட்டகமும் நகலெடுக்கப்பட்டால், ஒரு கணத்தில் அனைத்தும் போய்விடும். பயணத்திற்குத் தேவையானவற்றை மட்டும் மறைகுறியாக்கம் செய்து எடுத்துச் செல்லுதலும், அவற்றின் நகலை வீட்டில் வைத்தலும் நலம்.

மூன்றாவது, கணிப்பொறியின் முன் ஒழுகும் முறை. அச்சிடுவதற்காகக் கடைக்குச் செல்வோர், அச்சிட வேண்டிய கோப்பு மட்டுமே உள்ள தனிப் பென் டிரைவைக் கொண்டு செல்லுதல் தக்கது. சில பென் டிரைவ்களில் எழுதுவதைத் தடுக்கும் சிறு பொத்தான் உண்டு. அதனைத் தள்ளி வைத்தால் தீநிரல் புக இயலாது. தவிர்க்க இயலாமல் கணக்கு ஒன்றைத் திறந்தவர், கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று உலாவி கேட்டால் மறுக்க வேண்டும். எழுமுன் முறைப்படி வெளியேறுதலும் வேண்டும். சன்னலை மூடுவது கதவைச் சாத்துவதுபோல, வெளியேறுவது பூட்டுவதுபோல.

நான்காவது, மீண்டபின் செய்வது. தம் சொந்தக் கருவியிலிருந்து அக்கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, பிற கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேறும் கட்டளையையும் இட வேண்டும். பென் டிரைவைச் சோதித்த பின்னரே அதன் கோப்புகளைத் திறக்க வேண்டும்.

நகலெடுக்கும் கடைக்கு வந்து ஏமாந்தவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். அக்கணிப்பொறியில் பிறன் ஒருவன் ஒளிந்திருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணவில்லை, அவ்வளவே. கையடக்க மென்பொருள் நல்ல கருவி. அது தன் உடைமையாளருக்கு வசதி தரும். ஆனால், பிறர் கணிப்பொறியை அவருடையதாக மாற்றித் தராது. தூய செம்பைக் கையில் வைத்திருத்தல் நன்று. ஐயத்திற்குரிய கிணற்றில் அதனை இறக்காமல் மேலே நடக்கும் மனவுறுதி அதனினும் நன்று.