பரியமும் பாதுகாப்பும்: கல்வராயன்மலை மலையாளிப் பெண்களும் குடும்ப வன்முறைச் சட்டமும்

முன்னுரை

தென்பெண்ணைக் கரையூரான மூங்கில்துறைப்பட்டுக்கு மேற்கே கல்வராயன்மலைத் தொடர் அமைந்துள்ளது. அங்கு வாழும் மலையாளிகள், பட்டியல் பழங்குடியில் இடம்பெற்றவர்கள். பெயர் கேரளத்தை நினைவூட்டினும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களிடையே மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்குப் பரியம் அளிப்பது மரபு. பெண்ணுக்கு விலை பேசும் மணமுறையைச் சங்க அகப்பாடல்களும் அறிந்துள்ளன. வரதட்சிணை இல்லாத சமூகத்தில் பெண்ணுக்கு வன்முறை நேராது என்னும் பொதுக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது.

பரியம்: மதிப்பும் பிணையும்

பரியம் பெண்ணின் உழைப்புக்குத் தரப்படும் மதிப்பாகும். ஆயின் அடிபட்ட பெண் கணவனை விட்டு நீங்க முற்படும்போது அதுவே பிணையாக மாறுகிறது. பரியத்தைத் திருப்பித் தந்து உறவைத் தீர்க்கும் வழக்கில், தாய்வீட்டாரிடம் பொருள் இல்லையெனில் அவளுக்கு மீட்சியில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் பேச்சு இரு குடும்பத்து ஆடவரிடையே நிகழ்கிறது. அடி பேசப்படுவதினும் தொகையே மிகுதியாகப் பேசப்படுகிறது.

சட்டத்தின் இரு நிலைகள்

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும், மத்திய அரசு அறிவிக்கை செய்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தா. இதனால் மணமுறிவும் சொத்துரிமையும் பெரிதும் வழக்காற்றின் கையில் உள்ளன. வாரிசுரிமைச் சட்டத்திலுள்ள விலக்கை மறுபரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் சார்ந்த கொடுமைகள் அனைத்தையும் அதன் 3ஆம் பிரிவு வன்முறையாகக் கொள்கிறது. திருமணத்தை ஒத்த உறவும் இதில் அடங்குவதால், பதிவுச் சான்று இல்லாத வழக்காற்று மணம் தடையாவதில்லை. வீட்டில் உரிமைப் பங்கு இல்லாவிடினும் அங்கு வசிக்கும் உரிமையை 17ஆம் பிரிவு வழங்குகிறது. நிலமற்ற மலைப்பெண்ணுக்கு இதுவே இன்றியமையாதது. 12ஆம் பிரிவின்படி அவளே நடுவர் முன் மனுதாரராகலாம். பரியத்தைத் திருப்பித் தருதல் அதற்கு முன்நிபந்தனையன்று.

முடிவுரை

பஞ்சாயத்தில் பேசப்படும் பொருளாக இருந்த பெண்ணைப் பேசுபவளாக மாற்றுவதே இச்சட்டத்தின் பயன். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டத்தின் சிற்றூர்களில் அது பயன்பட வேண்டுமாயின், பாதுகாப்பு அலுவலர் மலையேறிச் செல்லவேண்டும். சட்டச்சொற்கள் மலைமக்களின் பேச்சுத்தமிழில் விளக்கப்பட வேண்டும். பின்னதில் தமிழாய்வாளர்க்கும் பங்குண்டு.